செருப்பு ஷீட்டில் ஒரு கவசம்: வடசென்னையிலிருந்து காஸ்பிளே

காஸ்பிளே, அதாவது பிடித்த கதாபாத்திரத்தைப் போலவே உடை அணிந்து வலம்வரும் ஆசை வந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஆன்லைனில் ரெடிமேட் உடை தேடுவதுதான். விலையைப் பார்த்துப் பாதிப் பேர் அங்கேயே கைவிடுகிறார்கள். மீதிப் பேர் வாங்குகிறார்கள், வந்து சேர்வது மெல்லிய பாலியஸ்டர் துணியில் கவசத்தைப் படமாக அச்சடித்த ஒரு சட்டை. வடசென்னையில் இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். காஸ்பிளேக்கு வேண்டிய ஒவ்வொரு பொருளும் வேறு ஏதோ ஒரு தொழிலுக்காக நம் பக்கத்தில் ஏற்கெனவே விற்கிறது. கடையில் போய் காஸ்பிளே சாமான் என்று கேட்காமல் செருப்பு ஷீட், சொல்யூஷன், கட் பீஸ், ஒயரிங் பைப் என்று கேளுங்கள், உடனே எடுத்துப் போடுவார்கள்.

இங்கே மார்புக் கவசம், தோள்பட்டை, ஒரு அங்கி, ஒரு வாள், இவ்வளவும் உள்ள ஒரு போர்வீரன் உடையை எடுத்துக்கொள்கிறேன். அனிமே, கேம், காமிக்ஸ் எதுவானாலும் பாதிக் கதாபாத்திரங்கள் இதற்குள் வந்துவிடுவார்கள்.

முதலில் பெரியமேடு. தோல் வியாபாரத்துக்கும் செருப்பு, ஷூ மூலப்பொருளுக்கும் பேர்போன இடம். உலகம் முழுக்க காஸ்பிளே செய்பவர்கள் கவசத்துக்குப் பயன்படுத்தும் ஈவிஏ ஃபோமும், செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடுகிற ஷீட்டும் ஒரே பொருள்தான். மார்புக்கு 10 மி.மீ., கைக்கும் தோளுக்கும் 5 அல்லது 6 மி.மீ., மேலே ஒட்டும் பார்டர், டிசைனுக்கு 2 மி.மீ. வாங்குங்கள். கையால் அழுத்திப் பாருங்கள்: குழி விழுந்து அப்படியே நின்றால் வேண்டாம், உடனே எழும்பி வர வேண்டும். பக்கிள், ரிவெட், பட்டை எல்லாம் அதே தெருக்களில் கிடைக்கும். ஒட்டுவதற்கு செருப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷன், இல்லையென்றால் ஃபெவிகால் எஸ்ஆர் 998. பள்ளிக்கூடத்து வெள்ளை ஃபெவிகால் ஷீட்டோடு ஷீட்டை ஒட்டாது, ஆனால் அதற்கும் வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

வாங்கியதும் வெட்டத் தோன்றும். பொறுங்கள். இந்த மொத்த வேலையில் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது பேட்டர்னுக்குத்தான் (வெட்டுவதற்கான அளவு மாதிரி), ஏனென்றால் ஃபோமைத் திரும்ப வாங்கலாம், உடம்புக்குப் பொருந்தாத கவசத்தை எந்த பெயின்ட்டாலும் காப்பாற்ற முடியாது. பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் சாப்பாடு மூடும் கிளிங் ஃபிலிமை மூச்சு முட்டாத அளவுக்குச் சுற்றி, அதற்கு மேல் மாஸ்கிங் டேப்பை வீட்டில் யாரையாவது ஒட்டச் சொல்லுங்கள், தனியாகச் செய்ய முடியாது. பிறகு கவசத்தின் கோடுகளை மார்க்கரால் அந்த டேப் மேலேயே வரையுங்கள். இரண்டு துண்டுகள் சேரும் இடங்களில் குறுக்கே சின்னக் கோடு போட்டு வையுங்கள், ஒட்டும்போது அந்தக் கோடுகள்தான் வழி காட்டும். கத்தரியால் கவனமாக வெட்டிக் கழற்றி, அட்டையில் பதித்து, அரை இஞ்ச் கூடுதலாக விட்டு அட்டையிலேயே ஒருமுறை உடுத்திப் பாருங்கள். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டிப் பாருங்கள். அக்குளில் இடித்தால் இப்போதே வெட்டிவிடுங்கள். இடது பக்கம் மட்டும் பேட்டர்ன் எடுத்து, அட்டையைத் திருப்பிப் போட்டு வலதுக்கும் வரைந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும்.

வெட்டுவதற்குப் புது பிளேடு. மழுங்கினால் ஃபோம் பிய்ந்து ஓரம் பல் பல்லாக நிற்கும், அதனால் கட்டர் பிளேடை அடிக்கடி உடைத்துப் புது முனைக்குப் போங்கள். நேராக ஒட்ட வேண்டிய ஓரத்தை 90 பாகையிலும், வளைந்து மூலை வர வேண்டிய ஓரத்தைச் சாய்த்து 45 பாகையிலும் வெட்டுங்கள். பிறகு ஹீட் கன், கடும் சூட்டுக் காற்றை ஊதும் கருவி. சூடு காட்டினால் ஷீட் தளரும், முழங்கால் மேலோ பானை மேலோ வைத்து அழுத்தி ஆறும்வரை பிடித்தால் அந்த வளைவு நிற்கும். அதே சூட்டில் மேற்பரப்பின் நுண்துளைகள் மூடி லேசாகப் பளபளப்பு வரும், பெயின்ட் உறிஞ்சப்படாமல் இருக்க இது அவசியம். ஹேர் டிரையரில் இந்த அளவு சூடு வராது.

ஒட்டும்போது இரண்டு ஓரத்திலும் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். விரல் வைத்தால் ஒட்டாமல் வர வேண்டும். கடல் பக்கம் ராயபுரம், காசிமேட்டில் இருப்பவர்கள் ஈரக்காற்று நாட்களில் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஒருமுறை தொட்டால் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது, அதனால் அந்தக் குறுக்குக் கோடுகளைப் பார்த்து ஒரு முனையிலிருந்து அழுத்திக்கொண்டே போங்கள்.

இதை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: சொல்யூஷன் வாடை உடம்புக்குக் கெடுதல், நெருப்பும் பற்றும். நம் வீடுகளில் சமையலறையும் ஹாலும் ஒன்றாகவே இருக்கும், அடுப்பு எரிகிற வீட்டில் டப்பாவைத் திறக்கவே கூடாது. மொட்டை மாடிக்குப் போங்கள். துணி மாஸ்க் வாடையைத் தடுக்காது, பெயின்ட்டர்கள் போடுகிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கைப் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கேளுங்கள். ஃபோமின் ஓரங்களைத் தேய்க்கும்போது பறக்கிற தூளுக்கு என்95 போதும்.

இப்போது அந்த வெள்ளை ஃபெவிகால். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒட்டி முடித்த கவசத்தின் மேல் மூன்று நான்கு மெல்லிய கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. தடிமனாக அடித்தால் வளையும் இடத்தில் விரிசல் விடும். அதன் மேல் கறுப்பு அக்ரிலிக் முழுக்க அடித்து, சில்வரைத் தூரிகையில் தொட்டு, துணியில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடான இடங்களில் மட்டும் தேயுங்கள். பள்ளங்களில் கறுப்பு நிற்கும், பார்க்கிறவர்களுக்கு அது இரும்பாகவே தெரியும். கேட்டுக்கு அடிக்கும் எனாமல் வேண்டாம், ஃபோம் வளைந்தால் வெடிக்கும். ஸ்பிரே அடிப்பதானால் காலையில் வெயில் ஏறிய பிறகு, கடல் காற்று கிளம்புவதற்கு முன். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் அடித்தால் ஈரம் புகுந்து வெள்ளை பூத்துவிடும்.

வாளுக்கு எலக்ட்ரிக்கல் கடையின் ஒயரிங் பைப்தான் எலும்பு, இரண்டு ஃபோம் துண்டுகளுக்கு நடுவில் பள்ளம் வெட்டிப் பைப்பைப் படுக்க வைத்து ஒட்டுங்கள். முனை மொட்டையாக இருக்கட்டும். உலோகம் எதுவும் வேண்டாம், நிகழ்ச்சி வாசலில் சோதனை செய்வார்கள்.

அங்கிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. லேஸ், ஜரிகை, மணி என்றால் சவுக்கார்பேட்டை, ஞாயிற்றுக்கிழமை நிறையக் கடைகள் மூடியிருக்கும். பருத்தித் துணியை நனைத்துக் காய வைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். தெரு டெய்லர் அண்ணனிடம் முன், பின், பக்கவாட்டுப் படம் மூன்றையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்து, உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைக்கச் சொன்னால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் போய் நிற்காதீர்கள், பாவம், அவருக்கே மூச்சு விட நேரம் இருக்காது. உள்ளே பருத்தி லைனிங் வையுங்கள், ஃபோம் காற்றை விடாது, வியர்வை அருவியாக இறங்கும். வெல்க்ரோவை நேராக ஃபோமில் ஒட்டினால் உரிந்து வரும். எலாஸ்டிக்கில் தைத்து, அந்த எலாஸ்டிக்கை ஒட்டி, மேலே ஒரு ஃபோம் துண்டு போட்டு மூடுங்கள்.

இந்த உடையைப் போட்டுக்கொண்டு போக ஒரு இடம் காமிக் கான், காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் விழா. சென்னையில் அது முதல்முறையாக நடந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில். நம் பக்கத்திலிருந்து அங்கே போக மெட்ரோவின் நீல வழித்தடம் வசதி: விம்கோ நகர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கே ஏறினாலும் மாறாமல் ஆலந்தூர் போகலாம், அங்கிருந்து ஆட்டோ. கவசத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுபோய் அங்கே போட்டுக்கொள்ளுங்கள். வாளை ரோட்டில் உறையில்லாமல் தூக்கிப் போகவே வேண்டாம், ஸ்டேஷன் ஸ்கேனரில் கேட்டால் அமைதியாகப் பிரித்துக் காட்டுங்கள். பையில் ஃபெவிக்விக், ஊக்கு, ஊசி நூல், டபுள் டேப், தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். கூட ஒரு நண்பர் வேண்டும், முதுகுப் பக்கக் கிளிப் நம் கைக்கு எட்டாது.

வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் ஒட்டு விட்டு, ஹீட் கன்னில் எடுத்த வளைவெல்லாம் தளர்ந்துவிடும், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பரணும் அதே சூடுதான். மார்புக்குள் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, கட்டிலுக்கு அடியில் மேலே பாரம் எதுவும் இல்லாமல் வையுங்கள்.