கரையடியில் கலங்கல் நீர்

எங்கள் தோட்டத்துக் குட்டையின் மண்கரையில், வெளிச்சரிவின் அடியில் நீர் கசிந்தது. மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக வந்தால் பெரிதாகப் பயமில்லை. இதுவோ கலங்கலாக வந்தது. உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். 1976-இல் அமெரிக்காவின் டீட்டன் அணை உடைந்ததும் உள்ளரிப்பால்தான்.

கசியும் இடத்தை வெளிப்பக்கம் களிமண்ணால் அடைக்கவே கூடாது. நீர் வேறு வழி தேடும். மணல், அதன்மேல் சிறுசல்லி, அதற்கும் மேல் கருங்கல் என்று அடுக்கினேன். நீர் வெளியேறியது, மண் நின்றது.

பிறகு குட்டைத் தண்ணீரை மெதுவாக இறக்கினேன். சட்டென்று இறக்கினால் ஊறிய உள்சரிவு சரிந்துவிடும். உள்பக்கம் நண்டு வளை தெரிந்தது. தோண்டி, ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தேன். வேர் வழியாகவும் நீர் கசியும் என்பதால், கரையில் முளைத்த வேலிக்கருவைக் கன்றுகளையும் வேரோடு பிடுங்கியாயிற்று.

கரைமேல் வழிந்தால் மண் தாங்காது. மழைக்கு முன், மிகுதி நீர் வெளியேறும் வழியான கலிங்கை அகலப்படுத்தப் போகிறேன்.