மழைநீர் வடிகால் கூட்டத்துக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சென்னையில் ஒரு தெருவுக்கு மழைநீர் வடிகால் வருகிறது என்றால் எப்படியும் ஒரு கூட்டம் நடக்கும். அது பகுதி சபையாக இருக்கலாம், கவுன்சிலர் கூட்டியதாக இருக்கலாம், தெருமுனையில் ஏஇ (மாநகராட்சி உதவிப் பொறியாளர்) சாரைச் சூழ்ந்துகொண்டு பேசுவதாகவும் இருக்கலாம். பெரும்பாலும் பேச்சு ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும்: "எங்க வீட்டு ராம்ப்பை இடிப்பீங்களா?" கேட்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும்?

அதைக் கேட்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. தெரு வடிகால் ஒரு பெரிய வடிகாலில் சேர வேண்டும். அது கூவத்திலோ அடையாற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ போய் விழ வேண்டும். எந்த மட்டத்தில் சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டர் தெருவில் வடிகாலின் கடைசி முனை தொடக்கத்தைவிட 60 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். சேர்கிற பெரிய வடிகாலின் அடிமட்டம் அதைவிட உயரமாக இருந்தால், கட்டிய வடிகாலில் தண்ணீர் தேங்கி நிற்கும். கனமழையில் அங்கிருந்து உங்கள் தெருவுக்கே ஏறி வரும். அதனால் கூட்டத்தில் வரைபடத்தைக் கேளுங்கள். மேலிருந்து பார்க்கிற படம் மட்டும் போதாது, மட்டங்கள் குறித்த நீள்வெட்டுப் படமும் வேண்டும். "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு" என்றால், எந்த நாளில் வந்து பார்க்கலாம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, "பெரிசா கட்டுங்க சார்" என்று மட்டும் சொல்வது. ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நாற்பதுக்கும் மேலே. தெரு முழுக்க சிமென்ட் போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி வடிகாலுக்குத்தான் வரும். எனவே, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு வடிவமைத்திருக்கிறீர்கள், எந்தெந்தத் தெருத் தண்ணீரைக் கணக்கில் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தத் தெரு வடிகாலும் ஈடுகொடுக்காது. இனிமேல் தண்ணீரே நிற்காது என்று மேடையில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வடிகால் வந்தாலே நல்லதுதான் என்று நினைப்பதும் தவறு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான பகுதிகளில், கோவளம் வடிநிலத் திட்டத்தின் வடிகாலைக் குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள். இங்கே மணலே மழையைக் குடித்துவிடுகிறது, வடிகால் போட்டு அதைக் கடலுக்கு அனுப்பினால் நிலத்தடி நீர் குறைந்து உப்புநீர் உள்ளே வரும் என்பது அவர்கள் வாதம். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வெறுமனே "வேண்டாம்" என்று கத்தாமல் மண்ணைப் பற்றிப் பேசியதால்தான் அந்த எதிர்ப்புக்கு எடை இருந்தது.

அப்புறம், கழிவுநீர்ப் புகாரை இந்தக் கூட்டத்தில் கொட்டுவது. கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் வேலை, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் வேலை. கூட்டத்துக்கு வந்த மாநகராட்சி அதிகாரி தலையாட்டுவார், அவ்வளவுதான். வடிகாலில் கழிவுநீர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்றால் மட்டும் வீட்டு எண்ணோடு இங்கே சொல்லுங்கள்.

"ஒவ்வொரு வருஷமும் முழுகுது" என்பதையும் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். எந்த வீட்டு வாசலில், எத்தனை படி வரை, மழை விட்டு எத்தனை மணி நேரம் நின்றது என்று சொல்லுங்கள். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற அளவுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, டேப் வைத்துப் படம் எடுத்தால் பொறியாளருக்கும் அது பயன்படும்.

அதிகாரிகள் பக்கமும் தவறு உண்டு. டெண்டர் விட்டபிறகு கருத்துக் கேட்பது கருத்துக் கேட்பே அல்ல. மின்வாரியக் கேபிளும் குடிநீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று பார்க்காமல் தோண்டினால், பள்ளம் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். 2022 அக்டோபரில் சென்னையில் இப்படித் தோண்டிய வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார். ஆகவே தடுப்பு, விளக்கு, வேலை முடிக்கும் தேதி மூன்றையும் கூட்டத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். செப்டம்பரில் புதிதாகத் தோண்ட ஆரம்பிக்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டி முடித்த பிறகு தூர் வாருவது யார், வடிகாலில் மண் வந்து படியும் வண்டல் தொட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திறப்பார்கள், சாலையை மறுபடி போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போடுவார்களா? தார் மேல் தார் போட்டுக்கொண்டே போனால் சாலை உயர்ந்து வீடுதான் பள்ளமாகும். இந்தப் பதில்கள் வாய்ப்பேச்சாக நின்றுவிடக் கூடாது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறினதா என்று பார்த்து, ஒரு நகலைக் கேட்டு வாங்கி நலச்சங்கத்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வேறு ஏஇ வந்திருப்பார்.