மூன்று கிராம் வௌவாலை எடை போடுவது எப்படி?

அந்தியில் ஓட்டு இடுக்கிலிருந்து பறந்து வரும் குட்டி வௌவால்களில் ஒன்று இந்தியக் குள்ள வௌவால். எடை கிட்டத்தட்ட 3 கிராம். 2011 முதல் வந்த ஒரு ரூபாய் நாணயமே 3.79 கிராம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று: வனத்துறை அனுமதியும் வெறிநோய்த் தடுப்பூசியும் இல்லாமல் வௌவாலைத் தொடவே வேண்டாம். நானும் அனுமதி வைத்திருந்த ஆய்வு மாணவி ஒருவருக்குக் கையாளாகப் போய்த்தான் இதைக் கற்றேன். வலை கட்டுவது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

படி 1: முன்கை. இறக்கையை மடக்கிய நிலையில் முழங்கை நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அளக்க வேண்டும். பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர்தான் என் கட்சி. எஃகுக் காலிப்பரின் கூரான தாடை இறக்கைச் சவ்வைக் கிழித்துவிடும். அழுத்தாமல் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். குள்ள வௌவாலுக்கு 25 முதல் 30 மி.மீ. வரும். 31, 32 என்று வந்தால் அதன் உறவினரான கோரமண்டல் வௌவாலாக இருக்கலாம். ஆனால் அதன் முன்கையும் 26 மி.மீ. அளவிலேயே தொடங்குவதால், 28 வந்தால் முன்கையை மட்டும் வைத்துப் பெயர் எழுதிவிடாதீர்கள்.

அளக்கும் முன் இறக்கைக்குப் பின்னால் டார்ச் பிடியுங்கள். விரல் மூட்டுகளில் வெளிச்சம் ஊடுருவும் பட்டை தெரிந்தால் அது இன்னும் வளரும் குட்டி. பெரியதன் மூட்டு குமிழ் போல உருண்டிருக்கும்.

படி 2: எடை. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். மாலையிலேயே துணிப்பையை எடை போட்டு 5.2 கிராம் என்று எழுதிவைத்தேன். நாலாவது வௌவால் பையோடு 9.3 காட்டியது. கழித்தால் 4.1! குள்ள வௌவாலில் இவ்வளவு பெரியதா என்று குதித்தேன். மாணவி ஒன்றும் பேசாமல் வெறும் பையைத் தராசில் மாட்டினார்: 6.1. முன்னால் வந்த மூன்றின் மூத்திரம், எச்சம், போதாததற்குப் பனி. உண்மையான எடை 3.2தான். அதனால் வௌவாலை வெளியே எடுத்த பிறகே ஒவ்வொரு முறையும் பையை எடை போடுங்கள்.

தராசுக்கு 10 கிராம் வரை காட்டும் பெசோலா கம்பெனியின் சுருள்வில் தராசு போதும்; 0.1 கிராம் வரை காட்டும், பேட்டரி தீர்ந்து கழுத்தறுக்காது. பையைச் சுருட்டி இறுக்கமாக மாட்டினால் உள்ளே துள்ளாது.

பிடித்த நேரத்தையும் எழுதுங்கள். பசியோடு கிளம்பும்போது ஒரு எடை, பூச்சி தின்று திரும்பும்போது இன்னொரு எடை. சினையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இனத்தைக் கண்டுபிடிக்க எடையை நான் நம்புவதே இல்லை.

படி 3: விடுவது. மேலே தூக்கி எறியாதீர்கள். சொரசொரப்பான சுவரில் தொற்றவிட்டால் உடம்பு சூடேறியதும் தானே பறந்துவிடும்.

பிற்சேர்க்கை: சமையலறைத் தராசு போதுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் ஏறும். இங்கே 3-க்கும் 4-க்கும் நடுவில்தான் வழக்கே. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வாங்கினால் முதலில் அந்த ஒரு ரூபாயை வைத்துச் சரிபாருங்கள். அப்புறம் மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றுக்கே 0.3 கிராம் ஆடும்.