உயர்த்திய பழைய ஹைலக்ஸுக்கு மாற்றுக் கேம்ஷாஃப்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

மாரி தொடங்கிவிட்டால் முல்லைத்தீவின் முத்தையன்கட்டுப் பக்கத்து வயல் பாதைகளில் தாழ்ந்த வாகனம் இறங்காது. அதனால்தான் என் பழைய ஹைலக்ஸ் டபுள் கப்பின் ஸ்பிரிங்கை உயர்த்திப் பெரிய டயர் போட்டேன். சில மாதங்களில் இரண்டு தொல்லைகள் வந்தன. நெல் மூட்டை ஏற்றினால் இழுவை இல்லை; வால்வு மூடிக்குள் ‘டிக் டிக்’ என்று சத்தம். எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டுதான் கேம்ஷாஃப்ட். “வலுவான கேம்ஷாஃப்ட் போட்டால் இரண்டும் தீரும்” என்றார்கள். தீராது. ஏன் என்பதிலிருந்து தொடங்குவோம்.

படி 1: குறைகளைப் பிரியுங்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு கேம் முனை (வால்வை அழுத்தும் புடைப்பு) மட்டும் மங்கி, நகத்தை வைத்து இழுத்தால் தடக்கியது. சத்தத்துக்குக் காரணம் அது. இழுவைக் குறைவுக்குக் காரணம் வேறு. “தம்பி, எஞ்சின் களைக்கவில்லை, சில்லுத்தான் வளர்ந்துவிட்டது” என்றார் எங்கள் கராஜ் அண்ணை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 28 அங்குல டயர் 31 ஆனால், 4.10 டிஃபரன்ஷல் விகிதம் (சில்லு ஒருமுறை சுற்ற ஓட்டுதண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 3.70 போலத்தான் வேலை செய்யும். பழைய இழுவை வேண்டுமென்றால் 4.56 பல்சக்கரம் போடவேண்டும். அந்த வேலையைக் கேம்ஷாஃப்டிடம் கேட்கக்கூடாது.

படி 2: எஞ்சின் எண்ணை வாசியுங்கள். வாகனப் புத்தகத்தை மட்டும் நம்பவேண்டாம். இங்கே எஞ்சின் மாற்றாத பழைய கப் அரிது. எஞ்சின் உடலிலேயே பொறித்திருப்பதைத் துடைத்துப் பாருங்கள். என்னுடையது 3எல், 2.8 லீற்றர் டீசல். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு உதிரிப்பாகக் கடையில் “எல்லாம் ஒன்றுதான்” என்று பழைய 2எல் எஞ்சினுக்கான கேம்ஷாஃப்டைக் கட்டித் தந்தார்கள். அந்த எஞ்சினில் கேம் முனைக்கும் வால்வுக்கும் நடுவே ரொக்கர் கை என்ற நெம்பு உண்டு. 3எல்லில் கேம் முனை வாளிபோன்ற தப்பெட்டின் மேலுள்ள ஷிம் என்ற சிறு தகட்டை நேரே அழுத்துகிறது. பஸ் காசும் ஒரு நாளும் போனதுதான் மிச்சம். பழைய கேம்ஷாஃப்டைச் சாக்கில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

படி 3: அளந்து பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிடித்த வேணியர் இடுக்கிமானி போதும். முனையின் உயரத்தை அளந்து, அதற்குக் குறுக்கே உள்ள வட்டப் பகுதியின் விட்டத்தைக் கழித்தால் வால்வு எவ்வளவு தூக்கப்படுகிறது என்பது கிடைக்கும். உட்செல் முனைகள் (காற்றை உள்ளே விடும் வால்வுகளைத் திறப்பவை) நான்கும் தமக்குள் ஒத்திருக்கவேண்டும். வெளியேற்று முனைகளும் அப்படியே. புதியதையும் கடையிலேயே அளவுங்கள்.

படி 4: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். டீசலுக்கு எஞ்சினோடு வந்த அளவே போதும். இந்த எஞ்சினின் நெருக்கல் விகிதம் (காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) ஏறக்குறைய 22:1. வால்வை நெடுநேரம் திறந்துவைக்கும் கேம் போட்டால், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உட்செல் வால்வு மூடாமல் காற்று திரும்பி வெளியேறும். நெருக்கல் குறையும், காலையில் ஸ்டார்ட் எடுக்காது, புகை வரும். வால்வைத் தூக்கும் அளவைக் கூட்டினால் வால்வு பிஸ்டனில் மோதும். இடைவெளி அவ்வளவு குறைவு. 22ஆர் பெற்றோல் எஞ்சின் என்றால் சற்றே மாற்றலாம். அங்கும் தாழ்ந்த சுழற்சியில் இழுவை தரும் வகையைக் கேளுங்கள். சேற்றுக்குள் யாரும் 5,000 சுழற்சியில் ஓடுவதில்லை.

படி 5: தேய்ந்த காரணத்தைத் தேடுங்கள். எனக்கு அது நாள் கடந்த ஓயில். தாங்கிகளில் கீறல் இருந்தால் ஓயில் வழியையும் பார்க்கவேண்டும். தேய்ந்த முனையின் கீழிருந்த தப்பெட்டையும் ஷிம்மையும் மீண்டும் போடாதீர்கள். புதிய முனையை அவை தின்றுவிடும். ஓயில் சீலும் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டும் அதே நாளில் மாற்றுங்கள்.

படி 6: பொருத்துங்கள். தாங்கி மூடிகளைச் சிறிது சிறிதாக, மாறி மாறி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் கேம்ஷாஃப்ட் வளையும், உடையவும் கூடும். முனைகளில் பூட்டும்போது பூசும் கிறீஸைத் தாராளமாகத் தடவுங்கள். குளிர்ந்த எஞ்சினில் கேம் முனைக்கும் ஷிம்முக்கும் நடுவே இடைவெளி உட்செல் பக்கம் 0.20–0.30 மி.மீ., வெளியேற்றுப் பக்கம் 0.40–0.50 மி.மீ. இருக்கவேண்டும்; கூடினாலும் குறைந்தாலும் வேறு தடிப்புள்ள ஷிம் போடவேண்டும். பிறகு சாவியைத் தொடாமல், எஞ்சினை முன்பக்கத்துப் பெரிய போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தடக்கினால் அழுத்தாதீர்கள். பெல்ட்டைக் கழற்றி, சக்கரங்களிலுள்ள டைமிங் குறிகளை மீண்டும் பாருங்கள். எனக்கு முதல் தடவை ஒரு பல் தவறித்தான் இருந்தது.