பண்புக்கூறில் அடைபட்ட ஆசிரியர்

ஒரு சிறு நூலகத்தின் புத்தகப் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக்கினேன். தகவல்களைப் பெயரிட்ட குறிச்சொற்களுக்குள் வைக்கும் கோப்பு முறை அது. ஆசிரியர் பெயரைப் புத்தகக் குறிச்சொல்லுக்குள் ஒரு பண்புக்கூறாக, அதாவது <புத்தகம் ஆசிரியர்='…'> என்று, எழுதினேன். ஒரே வரியில் வேலை முடிந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது. இருவர் சேர்ந்து எழுதிய நூல் வந்த அன்று மாட்டிக்கொண்டேன். ஒரு குறிச்சொல்லில் ஒரே பண்புக்கூறு இருமுறை வரக் கூடாது என்பது எக்ஸ்எம்எல் விதி. இரு பெயர்களுக்கும் நடுவே காற்புள்ளி வைத்துச் சமாளித்தேன். இரண்டாமவர் அகரவரிசையிலிருந்து காணாமல் போனார்.

ஒன்றுக்கு மேல் வரக்கூடியதைத் தனிக் குறிச்சொல்லாக வையுங்கள். உள்ளே பிரியக்கூடியதையும் அப்படியே. ஆசிரியர் பெயர் இரண்டு வகையிலும் சேரும்: நம் பெயர்களில் முன்னெழுத்து உண்டு, புனைபெயர் உண்டு. பக்க எண்ணிக்கைக்கு இந்த மரியாதை தேவையில்லை. அது பண்புக்கூறாகவே இருக்கட்டும்.

சூடு கண்ட பூனையாய், அடுத்த கோப்பில் எதிர்த்திசைக்கு ஓடினேன். எல்லாவற்றுக்கும் ‘விவரம்’ என்ற ஒரே குறிச்சொல். அதற்குள் ஒரு பெயர், ஒரு மதிப்பு. யாரும் எதையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தார்கள்: ‘விலை’, ‘விலை ரூ’, ‘புத்தக விலை’. எந்தப் பெயரும் செல்லும் என்று நானே எழுதிவைத்திருந்ததால் ஸ்கீமா, அதாவது கோப்பில் எது வரலாம் என்று சோதிக்கும் விதித்தொகுப்பு, எதையும் பிடிக்கவில்லை. முதல் தவறைவிட இதுதான் மோசம் என்பேன். காற்புள்ளியை ஒரு மாலையில் பிரித்துவிட்டேன். மூன்று விலைகளையோ, கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு நிரலும் தனித்தனியே ஊகிக்க வேண்டியிருந்தது.

‘கூடுதல் 1’, ‘கூடுதல் 2’ என்று காலிப் புலங்களை ஒதுக்கிவைப்பதும் இதே ரகம்.

பலர் மறப்பது வேறொன்று: தனக்குத் தெரியாத குறிச்சொல்லைக் கண்டால் நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கோப்பு வடிவத்தின் முதல் பதிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் வளர்ந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. தெரியாத குறிச்சொல்லை உலாவி பொருட்படுத்தாது, உள்ளிருக்கும் எழுத்தைக் காட்டிவிடும். வீடியோவுக்கெனத் தனிக் குறிச்சொல் வந்தபோது, அதை அறியாத பழைய உலாவிகள் உள்ளே எழுதியிருந்த பதிவிறக்க இணைப்பைக் காட்டின. யாருடைய பக்கமும் உடையவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் பொருட்படுத்தாமல் விடுவதும் ஆபத்து. மருந்தளவுக் கோப்பில் ‘குழந்தைகளுக்குப் பாதி’ என்ற புதிய புலத்தைப் பழைய நிரல் சத்தமின்றித் தாண்டிப் போனால் என்ன ஆகும்? 1996-இல் வந்த பிஎன்ஜி படவடிவம் இதற்கு அழகான வழி கண்டது. அதன் கோப்பு பல துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளில் பெயர். முதல் எழுத்து பெரிய எழுத்தாக (A, B போல) இருந்தால் அந்தத் துண்டு கட்டாயம்: அதை அறியாத நிரல், படத்தைச் சரியாகக் காட்ட இயலாது என்று பயனரிடம் சொல்லியாக வேண்டும். படத்தின் புள்ளிகளைச் சுமக்கும் துண்டு அந்த வகை. குறிப்புரைத் துண்டின் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். அதை அறியாத நிரலும் படத்தைக் காட்டிவிடும்.