அமெரிக்கத் திகில்கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கடிதங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

1965 முதல் 1976 வரை வந்த ஐந்து தொகுதிகளை முதலில் எடுக்காதீர்கள். பல கடிதங்கள் வெட்டிச் சுருக்கியவை, எதிர்ப்பக்கத்து ஆள் என்ன எழுதினார் என்றும் தெரியாது. ‘கோனன்’ கதைகளை எழுதிய ராபர்ட் ஈ. ஹோவர்டுடன் அவர் 1930இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்தைப் பிடியுங்கள். நாகரிகம் பெரிதா, காட்டுமிராண்டி வாழ்க்கை பெரிதா என்று இருவரும் பக்கம் பக்கமாக மல்லுக்கட்டுவார்கள், ஹட்டனில் மழை பிடித்துக் கரண்டும் போன ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும். 1936இல் ஹோவர்ட் இறந்ததும் சட்டென்று நின்றுவிடும்.

அப்புறம், ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய எழுத்தாள நண்பர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் திடீரென ‘கிளார்க்காஷ்-டன்’ ஆகிவிடுவார், இந்தப் பட்டப்பெயர்களைக் குறித்து வைக்காவிட்டால் தலை சுற்றும். கதையொன்றின் பெயர் வந்தால் கடிதத்தை மூடிவிட்டு அதைப் படித்துவிட்டு வாருங்கள். இனவெறிப் பக்கங்களும் நிறைய வரும். தோட்டத்து லயத்தில் வளர்ந்த நமக்குச் சுருக்கென்று குத்தும், ஆனாலும் தாண்டிப் போகாமல் ஓரத்தில் கோடு போடுங்கள், கதைகளில் வரும் பயம் சிலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.