பொடி செத்துப்போனது எப்படி

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது அசிட்டோனை டைஅசிட்டோன் ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டிருந்தேன். பெயிண்ட், லேக்கருக்குக் கரைப்பானாகப் போகும் பொருள் அது. வினையூக்கி, மக்னீசியம்-அலுமினியம் ஹைட்ரோடால்சைட் என்ற, களிமண் போல அடுக்கடுக்கான கனிமத்தை 450 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்த வெள்ளைப் பொடி. முதல் தடவை அருமையாக வேலை செய்தது. அடுத்த வாரம் அதே பொடியைப் போட்டால் அசிட்டோன் அப்படியே கிடந்தது.

அசிட்டோன்மேல் சந்தேகப்பட்டுப் புது பாட்டில் திறந்தேன், பயனில்லை. சரி என்று, சிட்டிகைப் பொடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். சீறிக்கொண்டு நுரைத்தது! பொடியில் கார்பனேட் சேர்ந்திருப்பதன் அடையாளம் அது. குப்பியின் மூடி இறுகவில்லை. காற்றிலிருந்த கார்பன் டைஆக்சைடு உள்ளே போய், வினை நடக்க வேண்டிய கார இடங்களை கார்பனேட்டாக அடைத்துவிட்டது.

மறுபடி 450 டிகிரியில் சுட்டேன். இந்த முறை நைட்ரஜன் ஓட்டத்திலேயே ஆறவைத்து, காற்றுப் படாமல் நேரே அசிட்டோனில் சேர்த்தேன். குடுவையை ஐஸ் தண்ணீரில் வைத்தேன். இது வெப்பம் உமிழும் சமநிலை வினை. சூடேற்றினால் விளைபொருள் அசிட்டோனாகவே திரும்பும், கொஞ்சம் நீரிழந்து மெசிட்டைல் ஆக்சைடாகவும் போகும்.

மாலையில், கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு முகடாக வரைந்து காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபில், அசிட்டோனுக்கு வெகுநேரம் கழித்து, டைஅசிட்டோன் ஆல்கஹாலின் முகடு எழும்பி வந்தது. பொடியை இப்போதெல்லாம் அன்றன்றைக்குத்தான் சுடுகிறேன்.